அந்தமானை காலபகோஸ் ஆக்குவோமாம்!

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த சண்டை இது. சண்டை என்றால் கைகலப்பெல்லாம் இல்லை. நான் தயிர்சாதத்தில், அவர் ரொட்டி சப்ஜியில். எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் சீனியர், அடுத்த வருடம் ஓய்வு. கடைசி எல்.எஃப்.சி.யை அந்தமானுக்குப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய் வந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரே புலம்பல்.

"இவ்வளவு பணம் கட்டி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் படகில் ஆட்டம் கண்டு, பாரன் தீவு வரைக்கும் போனால், ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்பிவிட்டான் சாப். எரிமலைத் தீவில் கால் வைக்க விடமாட்டானாம். நம் நாட்டுத் தீவு, நமக்கே தடை!"

அதோடு விட்டாரா? கைபேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். காலபகோஸ் தீவுகள். சின்னதாக ஒரு வெள்ளைக் கப்பல். கறுப்பு எரிமலைப் பாறை. அதன்மேல் கூட்டமாகக் கடல் ஓணான்கள். ரெண்டடி தூரத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பாட்டி சிரிக்கிறாள். "பாருங்கள், இப்படி இருக்க வேண்டும். அந்தமானை இந்த மாதிரி ஆக்கினால் எத்தனை கோடி டாலர் வரும்! நீங்கள் வங்கிக்காரர், பி.காம் படித்தவர், கணக்குப் போடுங்கள்."

கணக்குப் போடச் சொன்னார் அல்லவா? போட்டேன். அதைத்தான் கீழே தருகிறேன். இது அவருக்கு மட்டும் பதில் இல்லை. அந்தமானை சிங்கப்பூர் ஆக்குவோம், லட்சத்தீவை மாலத்தீவு ஆக்குவோம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கிளம்புகிற எல்லோருக்கும் சேர்த்து.

முதலில் அந்த வீடியோவில் தெரியாத விஷயங்கள்.

காலபகோஸ் என்பது ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள் எரிமலைகள் கக்கிக் கக்கி உண்டான தீவுக்கூட்டம். இன்னும் கக்குகிறது. 2018-ல் சியர்ரா நெக்ரா, 2022-ல் உல்ஃப், 2024 மார்ச்சில் ஃபெர்னாண்டினா தீவின் லா கும்ப்ரே. ஒரு காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருக்காத நிலம். நீந்தியோ, பறந்தோ, மிதந்தோ வந்து சேர்ந்த உயிர்கள் மட்டும் அங்கே தங்கி, வேறு எங்கும் இல்லாத உருவங்களுக்கு மாறிவிட்டன. கடலுக்குள் போய்ப் பாசி தின்னும் ஓணான், பறப்பதையே மறந்துபோன நீர்க்காகம், பூமத்திய ரேகையில் பென்குவின், தீவுக்குத் தீவு ஓட்டின் வடிவம் மாறும் ராட்சத ஆமை. மனிதனைக் கண்டு ஓடாததற்குக் காரணம் அன்பு இல்லை. ஓட வைக்கிற பெரிய மிருகம் எதையும் அவற்றின் பரம்பரை பார்த்ததே இல்லை. அவ்வளவுதான்.

இந்த உலகமகா அப்பாவித்தனத்தை அன்று பயன்படுத்திக்கொண்டது சுற்றுலாப் பயணி அல்ல, திமிங்கில வேட்டைக்காரன். ஆமையைத் தூக்கிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினால், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1835-ல் அங்கே ஐந்து வாரம் சுற்றிய டார்வின்கூட விதிவிலக்கு இல்லை. அவர் வந்த பீகிள் கப்பலில் ஏற்றிய ஆமைகளை வழியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். எந்த ஓடு எந்தத் தீவுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சாட்சியையே தின்றுவிட்டார் மனிதர்!

முதலைத் தின்றுவிட்டு வருமானம் என்று எழுதுவது. எங்கள் பாஷையில் இதற்கு வேறு பெயர் உண்டு. அதைச் செய்தால் வேலை போகும்.

சரி, இப்போது அந்தச் சின்னக் கப்பலுக்கு வருவோம்.

என் சீனியர் நினைக்கிற மாதிரி அந்தக் கப்பல் சின்னதாக இருப்பது சொகுசுக்காக இல்லை. பெரிய கப்பலை விடமாட்டார்கள். 100 பயணிக்கு மேல் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குள் சுற்ற அனுமதி கிடையாது. நிறையப் படகுகள் 16 பேர், 20 பேர் ரகம். ஏன் 16? ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது என்று விதி. அந்த வழிகாட்டியும் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்றவர். அவர் இல்லாமல் நீங்கள் கரையில் ஒரு அடி வைக்க முடியாது.

கப்பல் எங்கே போக வேண்டும் என்பதைக் கேப்டன் முடிவு செய்வதில்லை, காசு கொடுத்த பயணியும் முடிவு செய்வதில்லை. பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு கப்பலுக்கும் கால அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. ஒரு இடத்துக்குப் போய்விட்டால் அடுத்த 14 நாளுக்கு அதே கப்பல் அங்கே திரும்ப முடியாது. விடிந்த பிறகுதான் இறங்கலாம். சாயங்காலம் 6 மணிக்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். கரையில் சோற்றுப் பொட்டலம் கூடாது. குச்சி நட்டு வைத்திருக்கிற பாதையை விட்டு விலகக் கூடாது. விலங்குக்கும் உங்களுக்கும் நடுவே 2 மீட்டர். ஒரு கல், ஒரு கிளிஞ்சல் எடுக்கக் கூடாது. விமானம் ஏறும் முன்பே பெட்டியைத் திறந்து விதை, பழம், மண் பார்க்கிறார்கள். பூச்சிக்காக விமானத்துக்குள் மருந்தடிக்கிறார்கள்.

மொத்த நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. மீதி 3 சதவீதத்தில்தான் ஊர், வயல், கடை, மனிதன் எல்லாம். ஈக்வடார்க்காரனே ஆனாலும் நினைத்த நேரத்தில் போய்க் குடியேற முடியாது. 1998 சட்டம் தடுக்கிறது.

ஆக, என் சீனியர் வீடியோவில் பார்த்தது ஓணானை இல்லை. "கூடாது", "கூடாது", "கூடாது" என்று ஒரு நாடு அறுபது வருடமாகச் சொல்லிச் சொல்லி மிச்சப்படுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். பாரன் தீவில் அவரை இறக்க மறுத்தார்களே, அதே மறுப்பின் பலனைத்தான் ரசித்துவிட்டு, இங்கே ஏன் மறுக்கிறார்கள் என்று கோபப்படுகிறார். வைப்புத் தொகை நிறைய இருக்கிறதே, எடுத்துச் செலவழிக்க விடமாட்டேன் என்கிறார்களே என்று கேட்கிற வாடிக்கையாளர் மாதிரி. ஐயா, எடுக்காததால்தான் நிறைய இருக்கிறது.

அடுத்து, எல்லோருக்கும் பிடித்த விஷயம். பணம்.

காலபகோஸுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரர் கட்ட வேண்டிய கட்டணம் 1998 முதல் 100 டாலராக இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் 200 டாலர். உடனே உலகம் பூராவும் "இரண்டு மடங்கு உயர்த்திவிட்டார்கள், அநியாயம்" என்று செய்தி. இருபத்தாறு வருடம் கட்டணத்தை ஏற்றவே இல்லை ஐயா! இதே காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஏறியிருக்கிறது. 1998-ன் 100 டாலர் என்பது 2024-ல் ஏறக்குறைய 190 டாலர். ஆக அவர்கள் உயர்த்தவே இல்லை. வருடா வருடம் தேய்ந்துகொண்டே வந்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையும் பாருங்கள். ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் வாங்குகிறார்கள். அதில் தீவுக்கென்று போவது இந்த 200. மீதி கப்பல் முதலாளிக்கு, ஏஜெண்டுக்கு, விமான கம்பெனிக்கு. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் என்ன போடுகிறார்கள்? "உங்கள் பயணம் தீவுகளைக் காக்கிறது." காக்கிறதுதான், எந்த விகிதத்தில் காக்கிறது என்பதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை. கடன் பத்திரத்தில் நாங்கள் இப்படிச் செய்தால் ரிசர்வ் வங்கி சும்மா விடுமா?

"சின்னக் கப்பல், அதனால் பசுமைக் கப்பல்" என்பதும் பாதி உண்மை. விலங்குகளுக்கு 16 பேர் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 16 பேரைச் சுமக்க ஒரு டீசல் எஞ்சின், ஒரு குளிர்சாதன இயந்திரம், ஒரு சமையல்கட்டு. அங்கே போய்ச் சேர ஒவ்வொருத்தரும் பாதி உலகம் பறந்தாக வேண்டும். அந்தப் புகை யாருடைய ஐந்தொகையிலும் ஏறுவதில்லை.

புகையாவது காற்றோடு போகிறது. 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவுக்கருகே தரைதட்டியது. தீவுகளுக்கான டீசலோடு, ஒரு சுற்றுலாக் கப்பலுக்கான எரிபொருளும் அதில் இருந்தது. எண்ணெய் கொட்டியது. நல்லவேளையாகக் காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. தப்பித்தோம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தால், சாந்தா ஃபே தீவின் கடல் ஓணான்களில் 62 சதவீதம் செத்துப்போயிருந்தன. மிச்சமிருந்த கொஞ்சூண்டு எண்ணெய் போதுமாக இருந்திருக்கிறது.

மார்ச் 31-ந் தேதி எல்லாக் கணக்கும் நன்றாகத்தான் தெரியும். ஜூனில்தான் எது வாராக்கடன் என்று புரியும். முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிற எந்த அதிகாரியையும் நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

கூட்டு வட்டி தெரியும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் மண்டையை உடைத்த கணக்கு. காலபகோஸில் அதை ஆடுகள் போட்டுக் காட்டின.

1959-ல், அதாவது தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட அதே வருடத்தில், மீனவர்கள் பிந்தா என்ற தீவில் மூன்று ஆடுகளை விட்டார்கள். பிற்பாடு வரும்போது கறிக்கு ஆகும் என்று. வருடத்துக்கு இரட்டிப்பு என்று வையுங்கள், பன்னிரண்டு வருடத்தில் மூன்று ஆடு 12 ஆயிரத்தைத் தாண்டும். நிஜத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் பல ஆயிரமாகிப் பச்சையெல்லாம் மேய்ந்து மொட்டையாக்கிவிட்டன. 1971-ல் அந்தத் தீவில் ஒரே ஒரு ராட்சத ஆமையைக் கண்டுபிடித்தார்கள். ஆண். லோன்சம் ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். ஜோடி தேடினார்கள், கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24-ல் அது செத்தது. அதோடு அந்த இனம் முடிந்தது.

மற்ற தீவுகளிலும் இதே கதைதான். சாந்தியாகோவிலும் இசபெலாவின் வடபாதியிலும் ஆடுகளை ஒழிக்க 1997 முதல் 2006 வரை ஒரு தனித் திட்டம் போட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். கடைசியில் ஒளிந்துகொண்ட ஆடுகளைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட்டு, அது எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்கிறதோ அந்தக் கூட்டத்தைச் சுட்டார்கள். 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் ஆடுகள். செலவு சுமார் 1 கோடி டாலர். கறிக்காக யாரோ இறக்கிவிட்ட நாலைந்து ஆட்டுக்கு அசலும் வட்டியும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். என் சீனியர் இறங்கத் துடித்த பாரன் தீவு, இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) சுமார் 135 கிலோமீட்டர். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கிவிட்டு 1991-ல் எழுந்தது. 2005, 2017, 2025 என்று அவ்வப்போது நெருப்பைக் காட்டுகிறது. மனிதக் குடியே இல்லை. ஆனால் ஆடு இருக்கிறது! எப்போதோ யாரோ விட்டுப்போன ஆடுகளின் வம்சம். அடுத்தது நார்கொண்டம், அதுவும் எரிமலைத் தீவு, மொத்தமே 7 சதுர கிலோமீட்டர் சுமாருக்கு. நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவைக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் வீடு. அங்கே காவல் சாவடி வைத்தபோது கூடவே ஆடும் போனது. காட்டில் முளைக்கும் கன்றுகளை மேய்ந்து தீர்த்தது. பிறகு பல வருடம் மல்லுக்கட்டித்தான் அப்புறப்படுத்தினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்டர்வியூ தீவின் யானைக் கதை. மரம் வெட்ட ஒரு தனியார் கம்பெனி அந்தமானுக்கு யானைகளைக் கொண்டுவந்தது. 1960-களில் கம்பெனி நொடித்தது. யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவை காட்டு யானைகளாகி, யானையே இல்லாத தீவின் காட்டைப் பல தலைமுறையாக மேய்ந்தன. வாராக்கடனை நான் பல உருவத்தில் பார்த்திருக்கிறேன். பூட்டிய ஆலையாக, துருப்பிடித்த லாரியாக, நீதிமன்றக் கட்டாக. தும்பிக்கையோடு பார்த்ததில்லை :-)

இனி எதிர்க்கேள்விகள். என் சீனியர் சும்மா விடுகிற ஆள் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"அப்போ தீவு பணக்காரனுக்கு மட்டுமா? உங்களுக்கும் எனக்கும் இல்லையா?"

காலபகோஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வெளிநாட்டானுக்கு 200 டாலர் என்றால், தன் நாட்டுக் குடிமகனுக்கு 30. முன்பு 6 டாலர்தான். கப்பல் ஏற வசதியில்லாதவர்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கி, பகல் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இன்று பாதிக்கும் மேற்பட்ட பயணிகள் அப்படித்தான் வருகிறார்கள்.

ஆனால் அங்கேதான் ஓட்டையும் இருக்கிறது. கப்பல்களின் மொத்தப் படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஊரில் எழும்பும் விடுதிகளை அதே கண்டிப்போடு யாரும் பிடிக்கவில்லை. 1979-ல் வருடத்துக்குச் சுமார் 12 ஆயிரம் பேர் வந்தார்கள். 2019-ல் 2 லட்சத்து 71 ஆயிரம். 2023-ல் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை. யுனெஸ்கோ 1978-ல் முதன்முதலாக உலக பாரம்பரியப் பட்டியல் போட்டபோதே இடம்பெற்ற தீவுகள், 2007-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய் 2010-ல்தான் வெளியே வந்தன.

வரம்பு போட்டதால் இன்னொரு அநியாயமும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். கப்பல் உரிமம் கையில் இருப்பவனுக்கு அது அட்சய பாத்திரம். புதிதாக எவனும் சுலபமாக உள்ளே வர முடியாது. நம்மூர் பஸ் பெர்மிட் மாதிரி. உள்ளூர் மீனவன் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். அந்தக் கோபம் 1995-ல் வெடித்தது. கடல் அட்டை பிடிக்கத் தடை போட்டதும், மீனவர்கள் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். ஆமைகளைக் கொல்வோம் என்று மிரட்டினார்கள். மிரட்டியது தப்பு. ஆனால் தன் வாசலில் ஓடும் காசில் தனக்குப் பங்கில்லை என்று பார்த்தவன் வேறு என்ன செய்வான்? பிறகு வந்த 1998 சட்டம் நுழைவுக் கட்டணத்தைப் பங்கு பிரித்தது. 40 சதவீதம் பூங்காவுக்கு. மீதியில் நகராட்சி, மாகாண நிர்வாகம், கடல் காப்பகம், நோய்த்தடுப்புச் சோதனை என்று. தலைநகரத்துக் கஜானாவில் போய்க் கலந்து காணாமல் போகவில்லை. இந்த ஒரு வரிக்காக அந்தச் சட்டத்துக்கு நான் கை தட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வங்கிக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2023 மே மாதம் ஈக்வடார் ஒரு காரியம் செய்தது. கடனில் மூழ்கிய நாடு அது. அதன் பழைய பத்திரங்களுக்குச் சந்தையில் மதிப்பில்லை. சுமார் 163 கோடி டாலர் முகமதிப்புள்ள பத்திரங்களை 66 கோடி டாலர் புதுக் கடனை வைத்துத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ரூபாய்க்கு நாற்பது காசு. மிச்சமானதில் வருடத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல், பதினெட்டு வருடத்துக்கும் அதிகமாக, காலபகோஸ் கடலைக் காக்கச் செலவிடுவதாக ஒப்பந்தம். இதை நடத்திக் கொடுத்த கிரெடிட் சூயிஸ் வங்கியே அப்போது மூழ்கி இன்னொரு வங்கியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது தனி நகைச்சுவை. இடைத்தரகர்களுக்கு எவ்வளவு போனது என்று சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாடு கடன்காரர்களிடம் தன் பக்கம் எடுத்து வைத்தது துறைமுகம் இல்லை, விடுதி இல்லை. "இந்தக் கடலைத் தொடமாட்டோம்" என்ற வாக்கு. அதற்கும் சந்தையில் விலை இருக்கிறது. அறுபது வருடம் தொடாமல் இருந்த கணக்கு கையில் இருந்ததால்தான் அந்த வாக்கை நம்பினார்கள்.

நம் கணக்கு எப்படி? கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா, தோல் போர்த்திய ராட்சதக் கடல் ஆமை முட்டையிட வரும் கடற்கரை, சரணாலயமாக இருந்தது. துறைமுகத் திட்டம் வந்ததும் 2021 ஜனவரியில் அந்தச் சரணாலய அந்தஸ்தை நீக்க ஒப்புதல் கொடுத்தார்கள். நார்கொண்டத்தில் ரேடார் வைக்க 2012-ல் அப்போதைய அமைச்சர் ஜெயந்தி நடராஜன் இருவாச்சிக்காக மறுத்தார். 2014-ல் அடுத்த அரசு அனுமதித்தது. நாட்டுப் பாதுகாப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நம் "கூடாது" என்பது ஒரு தேர்தலுக்கு மேல் தாங்குவதில்லை என்றுதான் சொல்கிறேன். இப்படிப்பட்ட வாக்கை எந்த வங்கி ஈடாக வாங்கும்?

கடைசியாக ஒன்று. சீனியரைத் திட்டிக்கொண்டே வந்தேன் அல்லவா, இப்போது என் முறை.

2015-ல் நானும் எல்.எஃப்.சி.யில் அந்தமான் போனேன். மனைவி, மகள், நான். பாராடாங் போய்ச் சேற்று எரிமலை பார்க்க வேண்டும் என்று அதிகாலை எழுந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் நின்றோம். அந்தச் சாலை ஜராவா மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. 2002-லேயே உச்ச நீதிமன்றம் மூடச் சொன்ன சாலை. இன்றும் ஓடுகிறது. 2012-ல், ஜராவாப் பெண்களை ஆட வைத்து எடுத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. அதெல்லாம் படித்தவன்தான் நான். படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். நான் எதையும் மீறவில்லை. ஆனால் வண்டி கிளம்பியதிலிருந்து காடு முடியும்வரை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. என் மகள் கேட்டாள், "அப்பா, நாம எரிமலை பார்க்கப் போறோமா, அவங்களைப் பார்க்கப் போறோமா?"

பதில் சொல்லவில்லை. அந்தச் சேற்றுக் குமிழி என்ன பெரிய குமிழி, அதற்காகவா அவ்வளவு வண்டிகள் நிற்கின்றன? அன்று யாரும் கண்ணில் படவில்லை. படவில்லையே என்று எனக்குள் ஒரு ஏமாற்றம் வந்ததே, அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. விதிகள் பலகையில் இருந்தன, வருமானம் வண்டி வரிசையில் இருந்தது. எது ஜெயிக்கும் என்று குழந்தைக்கே தெரிந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். கப்பலை இறக்குமதி செய்வது சுலபம். நாளைக்கே வரும். காலபகோஸ் மாதிரி வேண்டும் என்றால் முதலில் இவை வரட்டும். எத்தனை பேர் என்று ஒரு எண், அது கப்பலுக்கு மட்டும் இல்லாமல் விடுதிக்கும் சேர்த்து. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கும் சோதனை. உரிமம் பெற்ற வழிகாட்டி, அதுவும் உள்ளூர்க்காரர். கட்டணத்தில் பெரும்பங்கு தீவிலேயே தங்கும் சட்டம். நம் ஆட்களுக்குக் குறைந்த கட்டணம். அமைச்சர் மாறினால் மாறாத வரம்பு. பாரனும் நார்கொண்டமும் இப்போது இருப்பது போலவே மூடிக் கிடக்கட்டும். இதெல்லாம் வந்து இருபது வருடம் நின்ற பிறகு கப்பலைப் பற்றிப் பேசலாம்.

"அதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேனே" என்றார் சீனியர், நான் இதையெல்லாம் சொன்னபோது. உண்மைதான். நானும் காலபகோஸ் பார்க்கப் போவதில்லை. என் சம்பளத்துக்கு அந்தக் கப்பலில் ஒரு வாரம் என்பது மகளின் ஒரு வருடக் கல்லூரிச் செலவு. வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் நான் பார்க்காததால் ஒரு ஓணானுக்கும் நஷ்டமில்லை. உலகத்தில் உள்ளதெல்லாம் என் எல்.எஃப்.சி.க்குள் வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

பாரன் தீவை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்களே, அந்தப் படகுக்காரருக்கு மனுப் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் சீனியர். போடட்டும். நானும் ஒரு கடிதம் போடப் போகிறேன். நன்றி சொல்லி.